பொட்டலம் மாறினால் சரக்கும் மாறியதா?

2023 ஜனவரி 30 அன்று உலகின் பல மூலைகளில் மென்பொருள் கட்டும் கணினிகள் ஒரே மாதிரியான பிழைச் செய்தியைக் காட்டி நின்றுவிட்டன. இறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண் எதிர்பார்த்த எண்ணோடு பொருந்தவில்லை என்பதே செய்தியின் சாரம். முந்தைய நாள்வரை சிக்கலின்றி இறங்கிய கோப்புகள்தான் அவை. முகவரியும் பெயரும் பதிப்பு எண்ணும் அப்படியே இருந்தன. எழுதியவர்கள் அவற்றில் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. எந்தத் திருடரும் உள்ளே புகவில்லை. ஆனாலும் ஒரே நாளில் எண்ணற்ற கோப்புகளின் எண்கள் மாறிப்போயிருந்தன.

எதுவும் மாறாதபோது எண் எப்படி மாறும்? மாறிய எண்ணைக் கண்டால் அஞ்ச வேண்டுமா, அல்லது புதிய எண்ணை எழுதிக்கொண்டு வேலையைத் தொடரலாமா?

இது கணினித் துறையினருக்கு மட்டுமான கேள்வி அல்ல. உங்கள் கைப்பேசியில் இருக்கும் வங்கிச் செயலியின் ஒவ்வொரு வரியையும் அதை வெளியிட்ட நிறுவனமே எழுதியிருக்காது. தேதியைக் கணக்கிட ஒன்று, படத்தைக் காட்ட ஒன்று, தகவலை மறைத்து அனுப்ப ஒன்று என்று பிறர் எழுதிவைத்த பல துணை நிரல்களை இணையத்திலிருந்து இறக்கிச் சேர்த்துத்தான் இன்று பெரும்பாலான மென்பொருள்கள் உருவாகின்றன. இப்படி இறங்குபவற்றை மென்பொருள் பொதிகள் என்கிறோம். வழியில் யாரோ ஒருவர் ஒரு பொதியை மாற்றிவைத்தால், அதை நம்பிக் கட்டிய அத்தனை செயலிகளிலும் அந்த நஞ்சு கலந்துவிடும். அதைத் தடுக்கும் முதல் காவல்தான் செக்சம் எனப்படும் சரிபார்ப்பு எண்.

ஒரு கோப்பு, ஓர் எண்

சரிபார்ப்பு எண்ணின் எளிய வடிவம் பலருடைய சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஆதாரின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம், முன்னால் உள்ள 11 இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுவது. எண்ணை உள்ளிடும்போது ஓர் இலக்கம் தவறினாலோ, அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலோ கணக்கு ஒத்துவராது. பிழை உடனே தெரிந்துவிடும்.

கைதவறிச் செய்யும் பிழையைப் பிடிக்க இது போதும். வேண்டுமென்றே ஏமாற்ற நினைப்பவரைப் பிடிக்கப் போதாது. அவர் இலக்கங்களை மாற்றிவிட்டு, அதற்குப் பொருந்தும் கடைசி இலக்கத்தையும் தானே கணக்கிட்டு எழுதிவிடலாம். எனவே மென்பொருள் பொதிகளுக்கு ஹாஷ் எனப்படும் இன்னும் கடினமான கணக்கு தேவைப்படுகிறது. இன்று பரவலாகப் புழங்குவது ஷா-256. இதை அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2002-இல் தரநிலையாக வெளியிட்டது.

ஷா-256 கோப்பை 64 பைட் கொண்ட துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் அதற்கு முந்தைய விளைவோடு சேர்த்துப் பலமுறை கலக்குகிறது. கோப்பு ஒரு பக்கக் கடிதமாக இருந்தாலும் மூன்று மணி நேரத் திரைப்படமாக இருந்தாலும் முடிவில் கிடைப்பது 256 பிட் நீளமுள்ள ஓர் எண். திரையில் அது 64 குறியீடுகளாகத் தெரியும். ஒரே கோப்பை எத்தனை முறை கொடுத்தாலும் அதே எண்தான் வரும். கிடைக்கக்கூடிய எண்களின் மொத்த எண்ணிக்கையே 78 இலக்கங்கள் கொண்டது என்பதால், வெவ்வேறான இரண்டு கோப்புகளுக்குத் தற்செயலாக ஒரே எண் அமையும் என்று அஞ்சத் தேவையில்லை.

வேண்டுமென்றே அப்படி அமைக்க முடியாதா? இதைத்தான் ஆய்வாளர்கள் விடாமல் முயன்று பார்க்கிறார்கள். 1992-இல் வெளியான எம்டி5 என்ற முறையில், ஒரே எண் தரும் இரண்டு வெவ்வேறு தரவுகளை 2004-இல் சீனக் கணித அறிஞர் வாங் சியாவ்யுன் குழுவினர் உருவாக்கிக் காட்டினர். ஷா-1 என்ற முறைக்கு 2017-இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் சேர்ந்து அதையே செய்தன: பார்வைக்கு வெவ்வேறான இரண்டு பிடிஎஃப் கோப்புகள், இரண்டுக்கும் ஒரே எண். ஷா-256-க்கு இதுவரை யாராலும் அப்படி ஓர் இணையைக் காட்ட முடியவில்லை. அதன்மீது வைக்கும் நம்பிக்கை, உடைக்க முயன்றவர்களின் தொடர்ந்த தோல்வியிலிருந்து பிறந்தது.

இந்தக் கணக்குக்கு இன்னொரு குணமும் உண்டு. இக்கட்டுரைக்கு அதுவே முக்கியம். கோப்பில் ஒரே ஒரு பிட்டை மாற்றினாலும் விடையின் 256 பிட்டுகளில் ஏறத்தாழப் பாதி புரண்டுவிடும். ஆகவே பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே வைத்துப் பார்த்து, மாற்றம் சிறியதா பெரியதா என்று ஊகிக்க வழியே இல்லை. ஒரு காற்புள்ளி சேர்ந்தாலும் ஒரு திருட்டு நிரல் சேர்ந்தாலும் எண் ஒரே அளவுக்குத்தான் சிதறும். மாறியிருக்கிறது என்று மட்டும் அது சொல்லும். என்ன மாறியது, யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்பவற்றை நாம்தான் தேட வேண்டும்.

ஒரே உள்ளடக்கம், பல சுருக்கங்கள்

இனி 2023-க்குத் திரும்புவோம். உலகின் திறந்த மூல நிரல்களில் பெரும்பகுதி கிட்ஹப் தளத்தில் இருக்கிறது. அங்கே ஒரு திட்டத்தின் குறிப்பிட்ட பதிப்பைச் சுருக்கப்பட்ட ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். அந்தக் கோப்பு தளத்தில் ஆயத்தமாகக் காத்திருப்பதாகத்தான் பலரும் எண்ணியிருந்தனர். உண்மையில் கேட்கும்போதுதான் அது உருவாக்கப்படுகிறது. கிட் என்ற மென்பொருள் அந்தப் பதிப்பின் கோப்புகளையெல்லாம் வரிசையாக அடுக்கி டார் என்ற வடிவில் ஒன்றாக்கும். பிறகு ஜிசிப் முறையில் சுருக்கும்.

2022 அக்டோபரில் வந்த கிட் 2.38 பதிப்பில் ஒரு சிறு மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை சுருக்கும் வேலைக்கு கிட் வெளியிலுள்ள ஜிசிப் நிரலை அழைத்துவந்தது. புதிய பதிப்பு, தன்னுள்ளேயே இருக்கும் இசட்லிப் நிரலைக் கொண்டு அந்த வேலையைச் செய்துகொண்டது. கணினியில் ஜிசிப் நிறுவப்படாவிட்டாலும் வேலை நடக்கும் என்பதால் இது நியாயமான மேம்பாடுதான். கிட்ஹப் தன் சேவையகங்களில் இந்தப் பதிப்புக்கு மாறியதும் புதிதாக உருவான சுருக்கக் கோப்புகளின் எண்கள் மாறின.

ஜிசிப், இசட்லிப் இரண்டையும் எழுதியவர்கள் ழான்-லூப் கெய்லி, மார்க் ஆட்லர் என்ற அதே இருவர். இரண்டும் பயன்படுத்துவது டிஃப்ளேட் என்ற ஒரே சுருக்க முறை. பிறகு விளைவு ஏன் வேறுபட வேண்டும்?

இந்த மூன்று வாக்கியங்களைப் பாருங்கள்: காக்கை பறந்தது. காக்கை அமர்ந்தது. காக்கை கரைந்தது. சுருக்கும் நிரல் ‘காக்கை’ என்ற சொல்லை முதல் முறை முழுதாக எழுதும். இரண்டாம் முறை வரும்போது ‘இவ்வளவு தூரம் பின்னால் சென்று, இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்’ என்று ஒரு குறிப்பை மட்டும் எழுதும். மூன்றாம் முறை வரும்போது முதல் காக்கையையும் சுட்டலாம், இரண்டாம் காக்கையையும் சுட்டலாம். எதைச் சுட்டினாலும் விரிக்கும்போது அதே மூன்று வாக்கியங்கள் கிடைக்கும். ஆனால் சுருக்கத்தில் எழுதப்பட்ட குறிப்புகள் வேறு வேறு. பெரிய கோப்பில் இப்படிப்பட்ட தேர்வுகள் ஆயிரக்கணக்கில் வரும். பின்னோக்கி எவ்வளவு ஆழமாகத் தேடுவது, தரவை எந்த இடத்தில் துண்டு பிரிப்பது என்பவையும் நிரலின் விருப்பமே.

டிஃப்ளேட்டின் விதிமுறை விரிப்பவருக்குத்தான் ஐயத்துக்கு இடமின்றிக் கட்டளையிடுகிறது. சுருக்குபவர் விரிக்கத்தக்க எந்த வடிவையும் தரலாம். அதனால் ஒரே உள்ளடக்கத்துக்குச் சரியான சுருக்கங்கள் எண்ணற்றவை உண்டு.

பலசரக்குக் கடையில் அரை கிலோ துவரம்பருப்பை எடைபோட்டுக் காகிதத்தில் மடித்துக் கட்டித் தருகிறார்கள். நேற்று கட்டியவர் ஒருவர், இன்று கட்டுபவர் வேறொருவர். மடிப்பும் முடிச்சும் வேறு. பருப்பு அதே மூட்டையிலிருந்து வந்தது. நாம் எழுதிவைத்திருந்த சரிபார்ப்பு எண், பருப்பை மட்டும் அளந்தது அல்ல. காகிதத்தையும் மடிப்பையும் முடிச்சையும் சேர்த்து அளந்தது. பொட்டலம் கட்டும் கை மாறியதால் எண் மாறியது. 2023-இல் நடந்தது இவ்வளவே.

இதை ஊகமாகச் சொல்லவில்லை; எவரும் சோதித்துப் பார்க்கக்கூடியது இது. பழைய சுருக்கத்தையும் புதிய சுருக்கத்தையும் தனித்தனியே விரித்தால் கிடைக்கும் டார் கோப்புகள் கடைசி பைட்வரை ஒத்திருந்தன. கிட் தன் களஞ்சியத்திலுள்ள ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு பதிப்புக்கும் தனியே ஒரு ஹாஷ் வைத்திருக்கிறது, அவையும் மாறவில்லை. ஆகவே வேறுபாடு சுருக்கம் என்ற உறையில் மட்டுமே இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. சுருக்க வடிவம் மாறாது என்று கிட்ஹப் அதற்கு முன் முறைப்படி வாக்குக் கொடுத்திருக்கவில்லை. ஆனால் மாறாது என்று நம்பித்தான் கூகுளில் பிறந்த பேசல் போன்ற கட்டுமானக் கருவிகளைப் பயன்படுத்திய எத்தனையோ குழுக்கள் அந்த எண்களை எழுதிவைத்திருந்தன. கிட்ஹப் அன்றே அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றது.

இதைவிட மெல்ல நிகழும் மாற்றங்களும் உண்டு. கிட் ஒரு திருத்தத்தை உரைக்கோப்பாகத் தரும்போது அதில் சில அடையாள எண்களைச் சுருக்கி, முதல் சில குறியீடுகளை மட்டும் எழுதுவது வழக்கம். திட்டம் வளர வளர அந்தச் சில குறியீடுகள் ஒன்றுக்கொன்று குழப்பமின்றி இருக்கப் போதாமல் போகும். கிட் தானாகவே ஒரு குறியீட்டைக் கூட்டி எழுதும். திருத்தத்தில் ஓர் எழுத்துகூட மாறாமல், பல மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள் அந்தக் கோப்பின் சரிபார்ப்பு எண் மட்டும் மாறி நிற்கும்.

அதே எச்சரிக்கை, வேறு காரணம்

இத்தோடு நிறுத்தினால், மாறிய எண்ணைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்ற தவறான பாடமே மிஞ்சும். எனவே 2021-இல் நடந்ததையும் பார்க்க வேண்டும்.

கோட்கவ் என்பது மென்பொருளின் எவ்வளவு பகுதி சோதிக்கப்பட்டிருக்கிறது என்று கணக்கிட்டுச் சொல்லும் சேவை. வாடிக்கையாளர்கள் அதன் சிறிய நிரலொன்றை ஒவ்வொரு முறையும் இறக்கித் தங்கள் கணினிகளில் ஓட்டுவார்கள். 2021 ஜனவரி 31 முதல் யாரோ அந்த நிரலுக்குள் கைவைத்து வந்தனர். சேர்க்கப்பட்டது ஒரே ஒரு வரி. ஓடும் கணினியில் இருக்கும் கடவுச்சாவிகள் உள்ளிட்ட அமைப்பு விவரங்களை வெளியே இருந்த ஒரு சேவையகத்துக்கு அனுப்புவதே அதன் வேலை.

இரண்டு மாதங்கள் அது தொடர்ந்தது. ஏப்ரல் 1 அன்று வாடிக்கையாளர் ஒருவர், இறக்கிய நிரலின் சரிபார்ப்பு எண்ணைக் கிட்ஹப்பில் வெளியிடப்பட்டிருந்த எண்ணோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒத்துவரவில்லை. அவர் அதை நிறுவனத்துக்குத் தெரிவித்த பிறகே திருட்டு வெளியே வந்தது.

2021-இல் அந்த வாடிக்கையாளர் கண்டதும் 2023-இல் ஆயிரக்கணக்கானோர் கண்டதும் ஒன்றே: இரண்டு எண்கள் பொருந்தவில்லை. ஒன்றில் மாறியது காகிதம். மற்றொன்றில் பருப்பில் நஞ்சு. எண்ணைப் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால் மட்டுமே முடியும்.

எண் மாறினால் என்ன செய்வது?

வேலை நின்றுவிட்ட அவசரத்தில் எவருக்கும் முதலில் தோன்றுவது, பிழைச் செய்தியில் உள்ள புதிய எண்ணைப் படியெடுத்துப் பழைய எண்ணின் இடத்தில் ஒட்டுவது. பிழை உடனே மறைந்துவிடும். ஆனால் அப்படிச் செய்த கணத்தில் அந்தக் காவலுக்கு இருந்த பொருளும் போய்விடுகிறது. எந்தக் கோப்பு வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்ததற்கு அது சமம். பொறுப்பான பராமரிப்பாளர்கள் சில கேள்விகளை ஒழுங்காகக் கேட்டுக்கொண்டு போகிறார்கள்.

முதல் கேள்வி, கோப்பு முழுதாக வந்ததா? இணைப்பு நடுவில் அறுந்து பாதிக் கோப்பு இறங்கியிருக்கலாம். விடுதியின் வைஃபை உள்நுழைவுப் பக்கமோ சேவையகத்தின் பிழைப் பக்கமோ அதே பெயரில் சேமிக்கப்பட்டிருக்கலாம். இதற்காகவே ஃப்ரீபிஎஸ்டி போன்ற இயக்க அமைப்புகள் எண்ணோடு கோப்பின் அளவையும் சேர்த்து எழுதிவைக்கின்றன. வேறொரு இணைப்பில் மறுபடி இறக்கிப் பார்த்தால் இந்த ஐயம் தீரும்.

இரண்டாவது, பழைய கோப்பு எங்காவது இருக்கிறதா? ஃபெடோரா, ஜென்டூ, ஃப்ரீபிஎஸ்டி போன்ற பெரிய திட்டங்கள் தாங்கள் பயன்படுத்திய மூலக் கோப்புகளின் படிகளைத் தங்களிடமே சேமித்துவைக்கின்றன. பழையது கிடைத்துவிட்டால் இரண்டையும் பிரித்து உள்ளடக்கத்தை வரிக்கு வரி ஒப்பிடலாம். டெபியன் இயக்க அமைப்பைச் சார்ந்து வளர்ந்த டிஃபோஸ்கோப் என்ற கருவி, சுருக்கத்துக்குள் சுருக்கமாக இருப்பதையும் அடுக்கடுக்காகத் திறந்து எந்த இடத்தில் வேறுபாடு என்று காட்டுகிறது.

உள்ளடக்கம் ஒன்றே என்று தெரிந்தால், மாறியது உறை. புதிய எண்ணை ஏற்கலாம். உள்ளடக்கம் வேறு என்றால் மூன்றாவது கேள்வி: மாற்றியது உண்மையான ஆசிரியர்தானா? சில ஆசிரியர்கள் பதிப்பை வெளியிட்ட பிறகு சிறு பிழை ஒன்றைக் கண்டு, திருத்திய கோப்பை அதே பெயரிலேயே ஓசையின்றி ஏற்றிவிடுகிறார்கள். எண்கள் மாறுவதற்கு இதுவும் அடிக்கடி காரணமாகிறது. அவரிடம் கேட்க வேண்டும். அதுவும் கோப்பு வந்த அதே தளத்தின் வழியாக மட்டும் கேட்கக் கூடாது. கோப்பை மாற்ற முடிந்த திருடருக்கு அதே பக்கத்தில் உள்ள எண்ணையும் விளக்கத்தையும் மாற்றுவது எளிது. கோட்கவ் திருட்டு பிடிபட்டதற்குக் காரணமே, நிரல் ஓரிடத்திலும் அதன் எண் வேறோர் இடத்திலும் இருந்ததுதான்.

இவற்றுக்கெல்லாம் விடை கிடைத்த பிறகே எண்ணை மாற்ற வேண்டும். ஏன் மாற்றினோம், எதை ஒப்பிட்டோம் என்று கூடவே எழுதிவைக்க வேண்டும். அடுத்த முறை எண் மாறும்போது அந்தக் குறிப்பைத் தேடித்தான் ஒருவர் வருவார்.

சரக்குக்கே எண் போடுவது

உறைதான் தொல்லை என்றால், உறையை விட்டுவிட்டு உள்ளடக்கத்துக்கு மட்டும் எண் போடலாமே? சில அமைப்புகள் அப்படித்தான் செய்கின்றன. நிக்ஸ் என்ற பொதி மேலாண்மைக் கருவி, இதுபோன்ற கோப்புகளைப் பெரும்பாலும் விரித்த பிறகே எண் கணக்கிடுகிறது. பெயர்களை அகர வரிசையில் அடுக்கி, உருவான நேரம், உரிமையாளர் போன்ற விவரங்களை விலக்கி, உள்ளடக்கத்தையும் இயக்கத்தக்கதா என்ற குறிப்பையும் மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். கோ நிரல் மொழியும் அதே போக்கில் போகிறது: ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 எண், பெயர் வரிசையில் அந்த எண்களின் பட்டியல், பிறகு அந்தப் பட்டியலுக்கே ஓர் எண். பொட்டலத்தை யார் எப்படிக் கட்டினாலும் இந்த எண் அசையாது.

இதற்கும் ஒரு விலை உண்டு. உள்ளடக்கத்தை அளக்க முதலில் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும். அதாவது இன்னும் சரிபார்க்காத ஒரு கோப்பை விரிக்கும் நிரலின் கையில் கொடுக்க வேண்டும். அந்த நிரலில் ஓட்டை இருந்தால், அதற்கென்றே தயாரித்த கோப்பு விரியும்போதே தாக்கிவிடலாம். மூடிய பொட்டலத்துக்கே எண் போடுபவருக்கு இந்த ஆபத்து இல்லை. அதனால் பாதுகாப்பில் அக்கறை உள்ள பலர், ஒருமுறை கட்டிய கோப்பை அப்படியே சேமித்து, என்றென்றும் அதையே வழங்குவதைச் சிறந்த வழியாகக் கருதுகிறார்கள். கிட்ஹப்பிலும் ஆசிரியர் தானே கட்டி வெளியீட்டுக் கோப்பாக ஏற்றினால், அது ஏற்றியபடியே வைக்கப்படும்.

பைதான் மொழியின் பொதிகளை வழங்கும் பைபிஐ இந்த ஒழுங்கை விதியாகவே வைத்திருக்கிறது. ஏற்றிய கோப்பை அழித்தாலும் அதே பெயரில் இன்னொன்றை ஏற்ற முடியாது. கோ மொழி 2019 முதல் பொதுவில் வெளியாகும் பொதிகளின் எண்களை ஒரு பொதுப் பேரேட்டில் பதிகிறது. அதில் சேர்க்கலாமே தவிர, எழுதியதை அழித்தாலோ திருத்தினாலோ கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். ஒருவருக்கு ஒரு கோப்பும் மற்றொருவருக்கு வேறு கோப்பும் கொடுத்து ஏமாற்றுவது இதனால் மிகக் கடினமாகிறது.

எண்ணால் சொல்ல முடியாதது

எண் மாறாமலே இருந்தால் நிம்மதியா? 2024 மார்ச் 29 அன்று, மைக்ரோசாஃப்டில் பணிபுரியும் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் வெளியிட்ட செய்தி ‘இல்லை’ என்று சொன்னது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் சேவை அரை நொடி தாமதிப்பதைக் கவனித்து அவர் காரணத்தைத் தேடிப் போனார். எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக் கதவு இருந்தது. அதை வைத்தது, பராமரிப்பாளர்களில் ஒருவராகவே நம்பிக்கை பெற்றிருந்த ஒரு கணக்கு. கள்ளக் கதவை இயக்கிவிடும் வரிகள் எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. இறக்குவதற்காகக் கட்டிவைத்த பொட்டலத்தில் மட்டும் இருந்தன. சரிபார்ப்பு எண்ணோ கச்சிதமாகப் பொருந்தியது. அது நஞ்சு கலந்த பொட்டலத்துக்குப் போட்ட சரியான எண்.

சரிபார்ப்பு எண் சொல்வது ‘முன்பு பார்த்ததேதான் இது’ என்பதை மட்டுமே. முன்பு பார்த்தது நல்லதா என்று அதற்குத் தெரியாது. எல்லோரும் பார்க்கக்கூடிய மூலத்திலிருந்து எவர் கட்டினாலும் பைட்டுக்கு பைட் அதே பொட்டலம் வரும்படி செய்துவிட்டால், கொடுத்த பொட்டலத்தையும் தானே கட்டியதையும் யார் வேண்டுமானாலும் ஒப்பிடலாம். மூலத்தில் இல்லாத ஒரு வரி பொட்டலத்தில் ஒளிந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். டெபியன் திட்டத்தினர் 2013 முதல் இதற்காகவே உழைத்து வருகிறார்கள். கோப்புகளின் வரிசை, கட்டிய நேரம், சுருக்கும் முறை என்று எண்ணை அசைக்கும் அற்ப வேறுபாடுகளை ஒவ்வொன்றாகக் களைவதே அவர்களுடைய அன்றாட வேலை. அற்ப மாற்றங்கள் ஒழிந்தால்தான் மிஞ்சும் மாற்றம் கவனத்துக்கு வரும். காரணமில்லாமல் எண்கள் அடிக்கடி மாறும் இடத்தில் மக்கள் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் இருக்கப் பழகிவிடுவார்கள். திருடருக்கு அதைவிட வசதி வேறில்லை.

மென்பொருள் வெளியிடும் ஒவ்வொருவருக்கும் இதில் எளிய பங்கு ஒன்று உண்டு. வெளியிட்ட கோப்பில் பிழை இருந்தால் திருத்துங்கள். ஆனால் திருத்தியதற்குப் புதிய பதிப்பு எண் கொடுங்கள். 1.4 என்று வெளியிட்டிருந்தால் 1.4.1 என்று இடுங்கள். பழைய பெயரில் புதிய கோப்பை வைக்காதீர்கள். உங்களுக்கு ஒரு நிமிட வேலை அது. முகம் தெரியாத எத்தனையோ பேர், வந்திருப்பது திருத்தமா திருட்டா என்று பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு உட்காராமல் இருப்பார்கள்.